கண்புரை சிகிச்சையின் வரலாறு – 9: திரும்ப வளராத செல்கள்

கருவிழியின் பின்புறத்தில் அறுகோணச் செல்கள் ஒற்றை வரிசையாக நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. எண்டோதீலியம் எனப்படும் இந்தப் படலத்தின் தடிமன் சுமார் 5 மைக்ரான். கருவிழியின் மொத்தத் தடிமனில் இது ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. ஒவ்வொரு செல்லின் குறுக்களவும் சுமார் 20 மைக்ரான். கருவிழி தெளிவாக இருப்பதும் மங்கிப்போவதும் இந்த ஒற்றை வரிசையைப் பொறுத்தது.

கருவிழிக்கு ரத்தக்குழாய்கள் கிடையாது. அதற்கு வேண்டிய குளுக்கோஸ், கருவிழிக்கு நேர் பின்னால் உள்ள முன்னறையின் நீரிலிருந்து எண்டோதீலியத்தின் வழியாகக் கசிந்து வருகிறது. அப்படி வரும் நீர் உள்ளேயே தங்கிவிட்டால் கருவிழியின் கொலாஜன் இழைகள் ஒழுங்கு குலையும். கருவிழி உப்பி வெளுத்துப்போகும். அதனால் எண்டோதீலியச் செல்கள் உப்பு அயனிகளை ஓயாமல் முன்னறைப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கின்றன. அயனிகளைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. கசிவும் வெளியேற்றமும் சமமாக இருக்கும்வரை கருவிழியில் நீரின் பங்கு சுமார் 78 சதவீதத்தில் நிற்கும்.

கருவிழியின் வெளிப்புறத்தில் சிராய்ப்பு ஏற்பட்டால் ஓரிரு நாளில் புதுச் செல்கள் வளர்ந்து மூடிவிடும். உட்புறத்தில் அது நடக்காது. மனிதக் கண்ணுக்குள் எண்டோதீலியச் செல்கள் பிரிந்து பெருகுவதில்லை. ஒரு செல் அழிந்தால் பக்கத்துச் செல்கள் அகன்று அந்த இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். பிறக்கும்போது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 4,000-க்கும் மேல் இருக்கும் செல்கள், வளர்ந்தவர்களிடம் 2,500 முதல் 3,000 வரை இருக்கும். அதன் பிறகு ஆண்டுக்குச் சுமார் 0.6 சதவீதம் குறையும். எண்ணிக்கை 500-க்கும் கீழே இறங்கும்போது, மிச்சமிருக்கும் செல்களால் நீரை இறைத்து மாளாது. கருவிழி உப்பும், அதன் மேற்பரப்பில் கொப்புளங்கள் கிளம்பும், அவை உடையும்போது தாங்க முடியாத வலி வரும்.

இயற்கையாகக் குறையும் வேகத்தில் இந்தச் செல்கள் நூறு வயதுக்கும் போதுமானவை. கண்புரை அறுவை அந்தக் கையிருப்பில் ஒரு பகுதியைச் சில நிமிடங்களில் எடுத்துவிடக்கூடியது. அந்த இழப்பை அறிந்து, அளந்து, குறைத்த கதை 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வேகம் பிடித்தது.

கண்ணுக்குத் தெரியாத சேதம்

1747-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஜாக் டேவியல் கருவிழியின் கீழ் ஓரத்தை வெட்டித் திறந்து, புரை விழுந்த லென்ஸை வெளியே எடுத்தார். அதுவரை ஊசியால் லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடுவதுதான் வழக்கம். டேவியலின் முறை பரவியபோது கருவிகளும், வெளியேறும் லென்ஸும் கருவிழியின் உட்புறத்தை உரசிச் செல்லத் தொடங்கின. அப்போது மருத்துவர்களின் அச்சம் வேறு பக்கம் இருந்தது. சீழ் பிடிப்பது, ரத்தம் கசிவது, கண்ணின் பின்னறைக் கூழ் பிதுங்கி வருவது ஆகியவையே பார்வையைப் பறித்தன. அறுவைக்குப் பிறகு கருவிழி மங்கினால் அதற்குத் தனிக் காரணம் தேடப்படவில்லை.

எண்டோதீலியத்தின் வேலையை 1873-இல் ஜெர்மன் மருத்துவர் தியோடோர் லேபர் எடுத்துக்காட்டினார். அந்தப் படலத்தைச் சுரண்டி நீக்கினால் முன்னறை நீர் உள்ளே புகுந்து கருவிழி உப்புவதை அவர் சோதனையில் கண்டார். முன்னறை நீரைத் தடுத்து நிறுத்துவது அந்தச் செல்வரிசைதான் என்பது அப்போது உறுதியானது. ஆனால் உயிருள்ள நோயாளியின் கண்ணில் அதைப் பார்க்க வழியில்லை. பார்க்க முடியாத ஒன்றைக் காப்பாற்றும் எண்ணம் அறுவை அறைக்குள் நுழைய இன்னும் நூறாண்டு ஆயிற்று.

லென்ஸ் வந்தது, கருவிழி மங்கியது

1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி உலகின் முதல் உள்விழி லென்ஸைப் பொருத்தினார். இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் அக்ரிலிக் கூரைச் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்தும் பெரிய அழற்சியை உண்டாக்காமல் இருந்ததை அவர் கவனித்திருந்தார். பி.எம்.எம்.ஏ. என்ற அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்யப்பட்டது.

ரிட்லியின் லென்ஸ், கண்ணின் நிறத் திரையான ஐரிஸுக்குப் பின்னால் வைக்கப்பட்டது. கனமான அந்த லென்ஸ் சிலருக்கு இடம் நழுவியது. அதற்கு மாற்றாக 1950களின் தொடக்கத்தில் பிரான்சின் பரோன், இத்தாலியின் ஸ்ட்ராம்பெல்லி முதலானோர் ஐரிஸுக்கு முன்னால், அதாவது கருவிழிக்கு நேர் பின்னால் உள்ள முன்னறையில் லென்ஸை வைத்தார்கள். பொருத்துவது எளிதாக இருந்தது. ஆரம்பத்தில் பார்வையும் நன்றாக இருந்தது. சில ஆண்டுகள் கழித்து ஒவ்வொரு கண்ணாகக் கருவிழி உப்பத் தொடங்கியது. லென்ஸின் விளிம்பும் கால்களும் எண்டோதீலியத்தை விட்டுவிட்டுத் தொட்டுக்கொண்டே இருந்ததுதான் காரணம். பார்சிலோனாவின் ஹோவாகின் பராக்கேர் தாம் பொருத்திய முன்னறை லென்ஸ்களில் ஏறத்தாழ பாதியைத் திரும்ப எடுக்க வேண்டிவந்தது. உள்விழி லென்ஸ் என்ற எண்ணத்தையே பல மருத்துவர்கள் கைவிட்டார்கள்.

இந்தப் பின்னடைவிலிருந்து ஒரு பாடம் கிடைத்தது. எண்டோதீலியம் பாதிக்கப்பட்ட அன்றே கருவிழி மங்குவதில்லை. மிச்சமுள்ள செல்கள் விரிந்து சமாளிக்கின்றன; கையிருப்பு தீரும் நாளில்தான் நோய் வெளியே தெரிகிறது. அறுவை முடிந்து கட்டைப் பிரிக்கும்போது கண் தெளிவாக இருப்பது செல்கள் தப்பின என்பதற்குச் சான்றாகாது.

எண்ண முடிந்தபோது

எண்டோதீலியத்தை உயிருள்ள கண்ணில் முதலில் பார்த்தவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் ஃபோக்ட். கண் பரிசோதனைக்கான ஸ்லிட் லேம்ப் கருவியின் ஒளிக்கற்றையைக் குறிப்பிட்ட கோணத்தில் சாய்த்தால், செல்வரிசையிலிருந்து ஒளி கண்ணாடியில் பட்டதுபோல் எதிரொளிக்கும். அந்த எதிரொளியில் செல்களின் எல்லைகள் மங்கலாகத் தெரிவதை அவர் 1910களின் இறுதியில் கண்டார். ஆனால் அது நோயாளியின் கண் அசையும்போது மறைந்துவிடும். எண்ணுவதற்கோ படம் எடுப்பதற்கோ அது உதவவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து, 1968-இல், பிரிட்டிஷ் உடலியங்கியலாளர் டேவிட் மாரிஸ் அதே எதிரொளித் தத்துவத்தில் ஸ்பெகுலர் மைக்ரோஸ்கோப்பை உருவாக்கினார். கருவிழியை வெட்டி எடுக்காமலும் சாயம் ஏற்றாமலும் செல்களைப் பெரிதாக்கிக் காட்டியது அது. 1975-இல் பாஸ்டனில் லைங், சாண்ட்ஸ்ட்ராம், லீபோவிட்ஸ் ஆகியோர் அதை நோயாளிகளின் கண்ணில் படம் எடுக்கும் கருவியாக மாற்றினார்கள். தேன்கூடு போன்ற அறுகோண வரிசை புகைப்படத்தில் பதிந்தது. ஒரு சதுரத்துக்குள் உள்ள செல்களை எண்ணி, அறுவைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவது அதன் பிறகு நடைமுறையாயிற்று.

முதல் முடிவுகள் அதிர்ச்சி தந்தன. புளோரிடாவில் வில்லியம் போர்ன், ஹெர்பர்ட் காஃப்மன் இருவரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், உள்விழி லென்ஸ் பொருத்திய கண்களில் செல் இழப்பு மிகக் கூடுதலாக இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அந்தக் கண்கள் தெளிவாகத்தான் இருந்தன.

அதே ஆண்டில் காஃப்மனும் காட்ஸும் காரணத்தை நெருங்கிப் பார்த்தார்கள். பி.எம்.எம்.ஏ. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு நீரை ஏற்காதது. அது எண்டோதீலியத்தின் மீது ஒரு கணம் பட்டாலே செல்களின் மேற்சவ்வு அதனுடன் ஒட்டிக்கொள்கிறது. லென்ஸை விலக்கும்போது, ஈரச் சுவரில் ஒட்டிய காகிதத்தை உரித்தால் சுண்ணாம்பும் சேர்ந்து வருவதைப் போல, சவ்வு கிழிந்து லென்ஸோடு போய்விடுகிறது. லென்ஸை அழுத்த வேண்டியதில்லை, தேய்க்க வேண்டியதில்லை. தொட்டு எடுத்தால் போதும். எவ்வளவு மென்மையான கையாக இருந்தாலும், தொட்டுவிட்டால் சேதம் நேர்ந்தே தீரும் என்பது இதன் பொருள். ஆகவே கையின் பயிற்சி மட்டும் போதாது. லென்ஸுக்கும் செல்களுக்கும் இடையில் எப்போதும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும்.

கழுவும் நீர்

அறுவையின்போது முன்னறை நீர் வெளியேறி, அதன் இடத்தில் கழுவும் திரவம் ஓடுகிறது. நீண்ட காலம் அதற்குச் சாதாரண உப்பு நீரே, அதாவது 0.9 சதவீத சலைனே பயன்பட்டது. ரத்தநாளத்தில் ஏற்றப் பொருத்தமான அந்தத் திரவம் எண்டோதீலியத்துக்கு ஏற்றதாக இல்லை. அதில் கால்சியம் இல்லை. கால்சியம் இல்லாவிட்டால் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் தளர்ந்து இடைவெளி விழும். அயனிகளை இறைக்கத் தேவைப்படும் பைகார்பனேட்டும், செல்களுக்கு ஆற்றல் தரும் குளுக்கோஸும் அதில் இல்லை.

1972-இல் டிக்ஸ்டைனும் மாரிஸும், வெட்டி எடுத்த கருவிழியை ஆய்வகத்தில் வேலைசெய்ய வைத்து, அதன் நீர் வெளியேற்றம் தொடர என்ன வேண்டும் என்று ஒவ்வொரு பொருளாகச் சேர்த்தும் நீக்கியும் பார்த்தார்கள். பைகார்பனேட், குளுக்கோஸ், குளுட்டத்தயோன் ஆகியவை சேர்ந்த திரவத்தில் கருவிழி நீண்ட நேரம் உப்பாமல் இருந்தது. அமெரிக்காவின் மில்வாக்கியில் ஹென்றி எடெல்ஹவுசரின் குழுவினர் கழுவும் திரவங்களை எண்டோதீலியத்தின் மீது ஓடவிட்டு, எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் செல்களின் நிலையை ஒப்பிட்டார்கள். சலைனில் செல்கள் வீங்கிச் சிதைந்தன. குளுட்டத்தயோன்–பைகார்பனேட் திரவத்தில் இணைப்புகள் குலையாமல் நின்றன.

இந்த ஆய்வுகளின் பயன்தான் பி.எஸ்.எஸ். பிளஸ் என்ற திரவம். இது இரண்டு பகுதிகளாக வருகிறது. பெரிய பாட்டிலில் 480 மில்லிலிட்டர், சிறிய குப்பியில் 20 மில்லிலிட்டர். எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்து வைத்தால் திரவம் நிலைத்திருக்காது என்பதால் அறுவைக்குச் சற்று முன்புதான் இரண்டையும் கலக்க வேண்டும். விலை காரணமாக இந்தியாவில் பல இடங்களில் ரிங்கர் லாக்டேட் திரவமே பயன்படுகிறது. குறைந்த நேரத்தில் முடியும் அறுவைகளில் அது போதுமானதாக இருக்கிறது. அறுவை நீளும்போது வேறுபாடு கூடுகிறது.

திரவத்தில் சேர்க்கும் மருந்துகளும் கவனத்துக்கு வந்தன. கண்பாப்பாவை விரிக்கச் சேர்க்கும் அட்ரினலின் ஊசிமருந்தில், அது கெடாமல் இருக்கச் சேர்க்கப்படும் பைசல்ஃபைட் எண்டோதீலியத்தைக் கெடுப்பது 1975-இல் தெரியவந்தது. கண் சொட்டுமருந்துகளில் கிருமி வளராமல் தடுக்கும் பென்சல்கோனியம் குளோரைடும் கண்ணுக்குள் போகக்கூடாத பொருள். கருவிகளைக் கழுவிய சோப்புப் பொருள் அலசப்படாமல் குழாய்களில் தங்கினாலும் போதும், அடுத்த நாளே கருவிழி முழுதும் உப்பிவிடும். கிருமியில்லாமல் வரும் இந்த அழற்சிக்கு 1992-இல் டாஸ் என்று பெயர் சூட்டப்பட்டது. அதன் பிறகு கருவிகளை அலசும் முறைக்கும் கடுமையான விதிகள் வந்தன.

சேவல் கொண்டையிலிருந்து ஒரு ஜெல்

செல்களுக்கும் லென்ஸுக்கும் இடையில் வைக்க ஏற்ற பொருள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. 1934-இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணின் பின்னறைக் கூழிலிருந்து ஒரு புதிய சர்க்கரைச் சேர்மத்தைப் பிரித்து, அதற்கு ஹயலூரோனிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். மூட்டுகளின் வழுவழுப்புக்கும் அதே பொருள்தான் காரணம் என்பது பின்னர் தெரிந்தது.

புடாபெஸ்டில் பிறந்து, சுவீடன் வழியாக பாஸ்டன் வந்துசேர்ந்த எண்ட்ரே பாலாஷ் இந்தப் பொருளுக்கே வாழ்நாளைக் கொடுத்தார். சேவல் கொண்டையில் ஹயலூரோனிக் அமிலம் அடர்த்தியாக இருப்பதால் அதிலிருந்து அவர் அதைப் பிரித்தெடுத்தார். பிரித்தெடுப்பதைவிடத் தூய்மைப்படுத்துவது கடினமாக இருந்தது. துளியளவு புரதம் மிஞ்சினாலும் கண்ணுக்குள் அழற்சி கிளம்பும். ஒவ்வொரு தயாரிப்பையும் ஆந்தைக் குரங்கின் கண்ணுக்குள் செலுத்தி, அழற்சி வராத பகுதியை மட்டும் ஏற்கும் சோதனை முறையை அவர் வகுத்தார். அந்தத் தூய பொருள் முதலில் பந்தயக் குதிரைகளின் மூட்டுவலிக்குச் சோதிக்கப்பட்டது. பின்னறைக் கூழுக்கு மாற்றாகவும் முயன்று பார்க்கப்பட்டது.

அதை முன்னறையில் நிரப்பலாம் என்ற திருப்பம் 1970களின் பிற்பாதியில் நிகழ்ந்தது. பாஸ்டனின் டேவிட் மில்லரும் குழுவினரும் முயல்களின் கண்ணில் இந்த ஜெல்லை நிரப்பி லென்ஸைப் பொருத்திய ஆய்வு 1977-இல் வெளிவந்தது. மில்லரும் தென்னாப்பிரிக்காவின் ராபர்ட் ஸ்டெக்மனும் அதை மனிதக் கண்ணுக்குக் கொண்டுசென்றார்கள். 1979-இல் பாலாஷுக்குக் காப்புரிமை கிடைத்தது. சுவீடனின் ஃபார்மசியா நிறுவனம் அதை ஹீலான் என்ற பெயரில் வெளியிட்டது. 1980-இல் பாப்பேயும் பாலாஷும் மனிதக் கண்ணில் ஹீலானின் பயன் குறித்து எழுதிய கட்டுரையும், எண்டோதீலியத்தை அது காப்பதை விலங்குச் சோதனையில் காட்டிய கட்டுரையும் வெளிவந்தன.

ஹீலானில் சோடியம் ஹயலூரோனேட்டின் அளவு 1 சதவீதம்தான். மீதி நீரும் உப்புகளும். அதன் மூலக்கூறு எடை சுமார் 40 லட்சம் டால்டன். இவ்வளவு நீண்ட இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் அசையாமல் இருக்கும்போது அது கெட்டியாக நின்று முன்னறை சரியாமல் தாங்கும். ஊசிக்குழாயில் வேகமாகத் தள்ளும்போது இழைகள் ஒரே திசையில் திரும்பி இளகி, மெல்லிய ஊசி வழியாகவும் வெளியேறும். கண்ணுக்குள் போனதும் மறுபடி கெட்டிப்படும். அதற்கு முன்பு முன்னறையைத் தாங்கக் காற்றுக் குமிழிதான் இருந்தது. லென்ஸ் நுழையும்போது குமிழி நழுவி வெளியேறிவிடும். ஜெல் நழுவாமல் நின்று, லென்ஸுக்கும் செல்களுக்கும் நடுவே இடைவெளியைக் காத்தது. அறுவை அறைகளில் இவ்வகை ஜெல்களுக்கு விஸ்கோ என்ற சுருக்கப் பெயர் நிலைத்தது.

ஹீலான் வந்ததும் புதிய சிக்கல் ஒன்றும் வந்தது. முன்னறையில் மிஞ்சிய ஜெல், நீர் வடியும் சல்லடைப் பகுதியை அடைத்துக்கொண்டது. அறுவை முடிந்த சில மணி நேரத்தில் கண் அழுத்தம் எகிறியது. அறுவையின் முடிவில் ஜெல்லை முழுதும் உறிஞ்சி எடுப்பது கட்டாயம் என்ற விதி அப்போது பிறந்தது.

ஒட்டிக்கொள்ளும் ஜெல், ஒன்றாகத் திரளும் ஜெல்

விஸ்கோ இருவகை. நீண்ட இழைகள் கொண்ட ஹீலான் போன்றவை ஒன்றாகத் திரண்டு நிற்கும். இடத்தை விரித்துத் தருவதில் இவை சிறந்தவை. உறிஞ்சினால் மொத்தமாக வெளியே வந்துவிடும். அந்தக் குணமே குறையாகவும் ஆகிறது. அறுவையின் நடுவே உறிஞ்சும் குழாய் அருகில் போனாலே முழுக் கட்டியும் போய்விடும். எண்டோதீலியம் காப்பின்றி நிற்கும். குறுகிய இழைகள் கொண்ட இரண்டாம் வகை செல்களின் மீது படிந்து ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சினாலும் எளிதில் போகாது. 3 சதவீத ஹயலூரோனேட்டும் 4 சதவீத கோண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்டும் சேர்ந்த விஸ்கோட் இவ்வகைக்கு எடுத்துக்காட்டு.

கனடாவின் ஸ்டீவ் ஆர்ஷினாஃப் 1999-இல் இரண்டையும் ஒரே கண்ணில் பயன்படுத்தும் முறையை எழுதினார். முதலில் ஒட்டிக்கொள்ளும் விஸ்கோவை லென்ஸின் மேல் நடுவில் குவிக்க வேண்டும். அடுத்து, திரளும் விஸ்கோவை அதற்கு அடியில், லென்ஸின் முகப்பை ஒட்டிச் செலுத்த வேண்டும். பின்னது விரியும்போது முன்னதை மேல்நோக்கித் தள்ளி, கருவிழியின் உட்புறம் முழுதும் சீரான பூச்சாகப் பரப்பிவிடும். அறுவை நடக்கும்போது நடுவில் இருப்பது உறிஞ்சப்பட்டாலும் மேல் பூச்சு செல்களின் மீது தங்கியிருக்கும். மென்கூடு உத்தி என்று பொருள்படும் பெயரில் இது உலகெங்கும் பரவியது. கடினமான புரைக்கும், செல்கள் ஏற்கெனவே குறைந்த கண்ணுக்கும் இன்றும் இதுவே முதல் தேர்வு.

அல்ட்ராசவுண்டும் கருவிழியும்

1967-இல் நியூயார்க்கின் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவர்கள் காரை நீக்கப் பயன்படுத்தும் அல்ட்ராசவுண்டு கருவியிலிருந்து பெற்ற எண்ணத்தில், புரையைக் கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சும் ஃபேகோ முறையை முதன்முதலாக மனிதக் கண்ணில் செய்தார். சுமார் 3 மில்லிமீட்டர் வெட்டே போதுமானதாக இருந்தது. ஆனால் தொடக்கத்தில் லென்ஸின் கடினமான கருவை முன்னறைக்குக் கொண்டுவந்து, கருவிழிக்கு மிக அருகில் வைத்து உடைத்தார்கள். நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரும் முனை, சிதறும் துண்டுகள், சுழலும் நீர், வெப்பம் எல்லாம் எண்டோதீலியத்தின் மீது நேராகப் பட்டன. பல கண்கள் கருவிழி உப்பிப் பார்வை இழந்தன.

உடைக்கும் இடத்தைக் கருவிழியிலிருந்து விலக்கியதே இதற்கான முதன்மைத் தீர்வு. 1970களின் பிற்பாதியில் ரிச்சர்ட் கிராட்ஸ் முதலானோர் வேலையை ஐரிஸின் மட்டத்துக்குக் கீழிறக்கினார்கள். 1980களின் நடுவில் கனடாவின் ஹோவர்டு கிம்பெல், ஜெர்மனியின் தாமஸ் நாய்ஹான் இருவரும் தனித்தனியே, லென்ஸ் உறையின் முகப்பில் கிழிசல் ஓடாத வட்டத் திறப்பை உருவாக்கும் முறையைக் கண்டார்கள். அந்த உறைக்குள்ளேயே கருவை உடைக்கவும், அதே உறைக்குள் புது லென்ஸை வைக்கவும் அது வழிவகுத்தது. 1993-இல் ஜப்பானின் குனிஹிரோ நகஹாரா, கருவை ஒரு கொக்கியால் விறகு பிளப்பதுபோலப் பிளக்கும் சாப் முறையைக் காட்டினார். பிளக்கும் வேலையைக் கை செய்வதால் அல்ட்ராசவுண்டு ஓடும் நேரம் பெரிதும் குறைந்தது.

1990களில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு எதிரிகளும் அடையாளம் காணப்பட்டன. அல்ட்ராசவுண்டு நீரில் ஓடும்போது ஹைட்ராக்சில் என்ற வீரியமிக்க மூலக்கூறு உருவாவதை 1993-இல் சுவீடன் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அது செல்களின் சவ்வைத் தாக்கக்கூடியது. ஹயலூரோனேட் அந்த மூலக்கூறுகளைத் தானே பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. ஆக விஸ்கோவின் பாதுகாப்பில் வேதியியலுக்கும் பங்குண்டு. 1997-இல் எடெல்ஹவுசரின் குழு, ஃபேகோவின்போது எழும் சிறு காற்றுக் குமிழிகள் எண்டோதீலியத்தில் மோதிச் செல்களை அழிப்பதைக் காட்டியது. செல்களின் மீது விஸ்கோ பூச்சு இருந்தபோது அந்தச் சேதம் குறைந்தது.

மலிவான விஸ்கோ, மதுரை வழி

ஹீலான் விலை உயர்ந்தது. வளரும் நாடுகளில் லட்சக்கணக்கானோருக்குச் செய்யும் அறுவையில் அதைப் பயன்படுத்த இயலாது. ஜெர்மனியின் ஃபெக்னர் 1977-இல் லென்ஸ் பொருத்த மெத்தில்செல்லுலோஸைப் பயன்படுத்தியதை எழுதியிருந்தார். மரக்கூழிலிருந்து கிடைக்கும் செல்லுலோஸை மாற்றித் தயாரிக்கும் ஹெச்.பி.எம்.சி., 2 சதவீதக் கரைசலாக, செல்களின் மீது படிந்து காக்கிறது. முன்னறையைத் தாங்குவதில் அது ஹீலானுக்கு இணையில்லை. ஆனால் விலை மிகக் குறைவு, குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. இந்தியாவில் கண்புரை அறுவையின் அன்றாட விஸ்கோ இதுவே ஆயிற்று.

மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி உள்விழி லென்ஸ்களை மலிவாகத் தயாரித்தது. ஹெச்.பி.எம்.சி. விஸ்கோவும் அங்கே தயாராகிறது. ஃபேகோ இயந்திரம் இல்லாமல், தையலும் இல்லாமல், சிறு சுரங்க வெட்டின் வழியாகப் புரையை முழுதாக எடுக்கும் கைமுறை அறுவை தமிழ்நாட்டிலும் நேபாளத்திலும் பெருமளவில் வளர்ந்தது.

இந்த முறையில் அல்ட்ராசவுண்டு இல்லை. ஆனால் லென்ஸின் கரு முழுதாக முன்னறைக்குள் ஏறி, கருவிழியை ஒட்டி நகர்ந்து, சுரங்கம் வழியாக வெளியேற வேண்டும். அந்த ஓரிரு நிமிடமே எண்டோதீலியத்துக்கு ஆபத்தான நேரம். கருவை நகர்த்தும் முன் அதற்கு மேலே கருவிழியின் பக்கம் ஒரு அடுக்கு விஸ்கோ, கீழே ஐரிஸின் பக்கம் இன்னொரு அடுக்கு விஸ்கோ என்று நிரப்ப வேண்டும். கரு இரண்டுக்கும் நடுவில் மிதந்து வழுக்கி வரும். சுரங்கம் குறுகலாக இருந்தால் கரு சிக்கி மேல்நோக்கி அழுத்தும். அதனால் கருவின் அளவைக் கணித்து வெட்டின் அகலத்தைத் தீர்மானிப்பதும் செல்களைக் காக்கும் வேலையே. 2005-இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வில், பழைய பெருவெட்டு முறை, கைமுறைச் சிறுவெட்டு, ஃபேகோ ஆகிய மூன்றிலும் செல் இழப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2004-இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் ஆய்விலும் பெருவெட்டுக்கும் ஃபேகோவுக்கும் மொத்தத்தில் வேறுபாடு இல்லை. புரை மிகக் கடினமாக இருந்த கண்களில் மட்டும் ஃபேகோவில் பெரும் இழப்பு நேரும் ஆபத்து கூடுதலாக இருந்தது. இயந்திரத்தின் விலையைவிடப் புரையின் தன்மைக்கேற்ற முறையைத் தேர்வதே செல்களைக் காக்கிறது என்பது இந்த இரண்டு ஆய்வுகளிலும் தெரிகிறது.

அறுவைக்கு முன்னும் பின்னும்

செல்கள் ஏற்கெனவே குறைந்த கண்களை முன்கூட்டியே அறிவது இன்று பாதுகாப்பின் முதல் படி. ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ் 1910-இல் விவரித்த பரம்பரைக் கருவிழி நோயில், எண்டோதீலியத்தைத் தாங்கும் சவ்வில் மரு போன்ற புடைப்புகள் தோன்றி, செல்கள் வயதுக்கு மீறி அழிகின்றன. காலையில் எழுந்ததும் பார்வை மங்கலாகவும் நேரம் ஆக ஆகத் தெளிவாகவும் இருப்பது அதன் அடையாளம். முன்பு கண்ணில் அடிபட்டவர்கள், வேறு கண் அறுவை செய்துகொண்டவர்கள், முன்னறை ஆழம் குறைந்தவர்கள், புரை முற்றிப் பழுப்பேறியவர்கள் ஆகியோருக்கும் கூடுதல் கவனம் வேண்டும். புரையை முற்றவிடாமல் உரிய நேரத்தில் எடுப்பதே செல்களைக் காக்கும் மிக எளிய வழி. முற்றிய கரு உடைய அதிக ஆற்றலும் அதிக நேரமும் கேட்கும்.

அறுவை முடிந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. போர்னும் சக ஆய்வாளர்களும் லென்ஸ் பொருத்திய கண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து எண்ணி 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் கண்களில் ஆண்டுக்கு 2.5 சதவீதம் செல்கள் குறைந்துகொண்டே வந்தன. இயற்கையான வேகத்தைப்போல் நான்கு மடங்கு. அறுவை மேசையில் தப்பவைத்த ஒவ்வொரு செல்லும் நோயாளியின் பிற்காலப் பார்வைக்கான சேமிப்பாக ஆவது இதனால்தான். 60 வயதில் அறுவை செய்துகொள்பவர் 90 வயதுவரை அதே செல்களைக் கொண்டு பார்க்க வேண்டும்.

கையிருப்பு தீர்ந்துபோனவர்களுக்கு நெடுங்காலம் முழுக் கருவிழி மாற்று ஒன்றே வழியாக இருந்தது. 1980களிலும் 1990களிலும் அமெரிக்காவில் கருவிழி மாற்றுக்கு முதன்மைக் காரணம், லென்ஸ் பொருத்திய கண்ணில் கருவிழி உப்புவதுதான். 1998 முதல் நெதர்லாந்தின் கெரிட் மெல்லெஸ், பழுதான உட்படலத்தை மட்டும் நீக்கித் தானமாகப் பெற்ற உட்படலத்தை வைக்கும் முறைகளை உருவாக்கினார். அவற்றில் மிக மெல்லியதான டி.எம்.இ.கே. முறையில் எண்டோதீலியமும் அதைத் தாங்கும் சவ்வும் மட்டுமே மாற்றப்படுகின்றன. ஜப்பானின் கியோட்டோவில் ஷிகேரு கினோஷிதாவின் குழு, தானக் கண்ணின் எண்டோதீலியச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, ஊசி மூலம் முன்னறையில் செலுத்தியது. செல்கள் கருவிழியின் உட்புறத்தில் படிவதற்காக நோயாளி மூன்று மணி நேரம் குப்புறப் படுத்திருக்க வேண்டும். 11 கண்களில் கிடைத்த முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. 24 வாரங்களுக்குப் பிறகு எல்லாக் கண்களிலும் செல் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியிருந்தது. 2023-இல் ஜப்பான் இந்தச் சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தது.

இந்த வழிகளில் பெரும்பாலானவை இன்னொருவரின் கண்தானத்தையும், தேர்ந்த மருத்துவரையும், பெரும் செலவையும் வேண்டுபவை. உலகில் ஆண்டுதோறும் கண்புரை அறுவை செய்துகொள்ளும் கோடிக்கணக்கானோருக்குப் பயன்படுவது அறுவையின்போதே செய்யும் பாதுகாப்புதான். புரையின் தன்மைக்கேற்ற முறை, செல்களுக்கு ஒத்த கழுவும் திரவம், உரிய நேரத்தில் உரிய இடத்தில் விஸ்கோ, கருவிழியிலிருந்து விலகி நடக்கும் வேலை, குறைந்த அல்ட்ராசவுண்டு, முடிவில் விஸ்கோவை முழுதாக எடுப்பது ஆகிய ஆறும் இன்று எந்த அறுவைப் பயிற்சியிலும் முதல் பாடங்கள். இவற்றில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் கருவிழி மங்கியதைக் கண்டு, காரணம் தேடி, அளந்து பார்த்துக் கற்றுக்கொண்டவை.

(தொடரும்)